பற்றாக்குறை யாருடையது? மலேசியக் கூட்டரசின் வரவு செலவும் அதன் பிரதமர்களும்

நம் பள்ளி வரலாற்று நூல்கள் ஒவ்வொரு பிரதமருக்கும் ஒரு சிறப்புப் பெயரைச் சூட்டியிருக்கின்றன. துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலையின் தந்தை. துன் அப்துல் ரசாக் மேம்பாட்டின் தந்தை. துன் உசேன் ஓன் ஒற்றுமையின் தந்தை. துன் மகாதீர் நவீனமயத்தின் தந்தை. மாணவர் நினைவில் இப்பெயர்கள் எளிதில் பதிகின்றன. ஆயின், கூட்டரசின் கணக்கேடுகளை விரித்து வைத்துக்கொண்டு இதே வரலாற்றை மீண்டும் படிப்போமானால், அப்பெயர்களுக்கு அடங்காத செய்திகள் பல எதிர்ப்படுகின்றன. சிக்கனத்திற்குப் பெயர் பெற்றவர் காலத்தில் தொடங்கிய செலவு அடுத்தவர் தலையில் ஏறியிருக்கிறது. தாராளம் என்று பழிக்கப்பட்டவர் காலத்திலேயே ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து உபரி கண்டிருக்கிறோம். பற்றாக்குறை என்னும் ஒற்றை எண்ணைக் கொண்டு ஒரு தலைவரை எடைபோடும் வழக்கம் எவ்வளவு நிலைக்கும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 111ஆம் பிரிவு, கூட்டரசுச் சட்டமொன்றின் அதிகாரமின்றி அரசாங்கம் கடன் வாங்குவதைத் தடுக்கிறது. அதன்படி 1959இல் உள்நாட்டுக் கடனுக்கும் 1963இல் வெளிநாட்டுக் கடனுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. உள்நாட்டுக் கடனாகத் திரட்டும் பணம் மேம்பாட்டு நிதிக்குச் செல்லவேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. ஊதியம், ஓய்வூதியம், வட்டி போன்ற நடைமுறைச் செலவுகளை அவ்வாண்டு வருவாய்க்குள் முடித்துக்கொள்ளவேண்டும். பள்ளி, சாலை, மருத்துவமனை போன்றவற்றைக் கட்டுவதற்குக் கடன் வாங்கலாம். ஆகவே நம் நாட்டில் பற்றாக்குறை என்றால் பெரும்பாலும் மேம்பாட்டுச் செலவின் நிழல் என்று கொள்ளலாம். நிழல் நீளுவது பொருளின் உயரத்தால் மட்டுமன்று, வெளிச்சம் விழும் கோணத்தாலும்தான். மலேசியாவின் வெளிச்சமோ நெடுங்காலம் ரப்பர், ஈயம், செம்பனை எண்ணெய், பெட்ரோலியம் ஆகியவற்றின் உலகச் சந்தை விலையாக இருந்தது.

விடுதலைக்குப் பிந்திய முதற் பதின்மூன்று ஆண்டுகளில் நிதியமைச்சின் முகமாக விளங்கியவர் தான் சியூ சின். எச்.எஸ். லீக்குப்பின் 1959இல் அப்பொறுப்பை ஏற்ற அவர் 1974 வரை, அதாவது துங்கு, ரசாக் ஆகிய இரு பிரதமர்களின் காலத்தில், அதில் நீடித்தார். கடனில் அச்சமும் நாணயத்தின் மதிப்பில் பிடிவாதமும் கொண்டவர் என்பது அவரைப் பற்றிய பொதுக்கருத்து. செயற்கை ரப்பரின் போட்டியால் இயற்கை ரப்பரின் விலை சரிந்துகொண்டிருந்த காலத்தில், கிராமப்புற மேம்பாட்டிற்குத் துணைப்பிரதமர் ரசாக் வகுத்த திட்டங்களுக்குப் பணம் தேடவேண்டிய கடமை அவருடையது. 1962இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. 1964இல் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு கைவிடப்பட்டு, ஒன்பதாண்டுக் கல்வி அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. ஆசிரியர்களாகிய நம் தொழிலுக்கு இவ்விரண்டும் எத்தகைய திருப்பங்கள் என்பதை விளக்கவேண்டுவதில்லை; நிதியமைச்சருக்கு அவை முடிவில்லாத செலவுத் தலைப்புகள்.

அதே வேளையில் இந்தோனேசியாவுடனான மோதலால் தற்காப்புச் செலவு உயர்ந்தது. 1964 நவம்பரில் அவர் கொண்டுவந்த வரவு செலவுத் திட்டத்தில் வணிகப் புரள்வின்மீது அரை விழுக்காட்டு வரியும், ஊதியச் செலவின்மீது 2 விழுக்காட்டு வரியும் புதிதாக இடம்பெற்றன. ஆட்களை நம்பித் தொழில் நடத்திய சிங்கப்பூருக்கு இவை சுமையாயின. இதற்கு முன்பே ஒரு பிணக்கு இருந்தது. 1963 ஜூலையில் கையெழுத்தான மலேசிய உடன்படிக்கையின்படி, சிங்கப்பூரில் திரளும் தேசிய வரி வருவாயில் 40 விழுக்காடு கோலாலம்பூருக்குச் செல்லவேண்டும். சபா, சரவாக் மேம்பாட்டிற்குச் சிங்கப்பூர் 150 மில்லியன் வெள்ளி கடனும் தரவேண்டும். கூட்டரசின் நெருக்கடியைக் காட்டி, அந்த 40ஐ 60ஆக உயர்த்தவேண்டும் என்று 1964இன் இறுதியில் தான் சியூ சின் கேட்டார். மறுபுறம் கோ கெங் சுவீ, 1959இல் பதவியேற்றவுடன் மேல்நிலை அரசு ஊழியர்களின் படிகளை வெட்டிக் கணக்கை நேராக்கியவர். ஒரு வெள்ளியையும் எளிதில் விட்டுக்கொடுப்பவரல்லர். 1965 ஆகஸ்டுப் பிரிவினையை நாம் பெரும்பாலும் இன அரசியலின் கதையாகவே சொல்லி வருகிறோம். அது தவறன்று. ஆயினும் அக்கதையில் இரு நிதியமைச்சர்கள் ஒரு கணக்கேட்டின் இரு முனைகளைப் பற்றி இழுத்த பகுதிக்கும் உரிய இடம் தரவேண்டும்.

தான் சியூ சின்னின் சிக்கனத்திற்கும் ஒரு விலை இருந்தது. 1967 ஜூனில் மலேசியா தனக்கெனப் புதிய வெள்ளியை வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது, புதிய வெள்ளி அசையவில்லை. ஆனால் பவுண்டோடு பிணைந்திருந்த பழைய நாணய வாரியத் தாள்களும் காசுகளும் மதிப்பிழந்தன. பழைய ஒரு வெள்ளி, புதிய 85 காசாயிற்று. வங்கியில் பணம் வைத்திருந்தோரைவிட, உண்டியலிலும் இடுப்பு முடிச்சிலும் பழைய காசை வைத்திருந்த சிறு வணிகரும் கூலித் தொழிலாளருமே இதனால் இழந்தனர். பினாங்கில் நடந்த கடையடைப்பு கலவரமாக மாறி, உயிர்ச்சேதத்திலும் ஊரடங்கிலும் முடிந்தது. எந்தப் பற்றாக்குறை அட்டவணையிலும் இந்த 15 காசு இடம்பெறாது.

1970இல் ரசாக் பிரதமரானார். 1969 மே 13இன் கலவரத்திற்குப் பின் வந்த ஆட்சி அது. 1971இன் இரண்டாம் மலேசியத் திட்டமும் புதிய பொருளாதாரக் கொள்கையும் அரசாங்கத்தைத் தொழில் நடத்துபவராகவே ஆக்கின. பெர்னாஸ், நகர மேம்பாட்டு வாரியம், மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகங்கள் எனப் பொது நிறுவனங்கள் பெருகின. 1974இல் பெட்ரோனாஸ் நிறுவப்பட்டது. எண்ணெய் வருவாய் பின்னாளில் கூட்டரசுக் கருவூலத்தின் தூணாயிற்று. பற்றாக்குறை அப்பதிற்றாண்டில் வழக்கமாகிவிட்டபோதிலும் பொருளாதாரம் விரைந்து வளர்ந்ததால் எவரையும் அது உறுத்தவில்லை.

1976இல் பொறுப்பேற்ற உசேன் ஓன் நேர்மைக்கும் நிதானத்திற்கும் பெயர் பெற்றவர். ஆயினும் 1980ஆம் ஆண்டு உலகப் பொருளாதாரம் தளர்ந்து மூலப்பொருள் விலைகள் இறங்கத் தொடங்கியபோது, செலவை உயர்த்தித் தளர்ச்சியை ஈடுகட்டலாம் என்று முடிவு செய்தது அவருடைய அரசாங்கமே. 1981க்கான வரவு செலவுத் திட்டம் 1980இன் இறுதியில் மக்களவைக்கு வந்தது. மகாதீர் பிரதமரானது 1981 ஜூலையில். அவ்வாண்டின் பற்றாக்குறை உள்நாட்டு மொத்த உற்பத்தியில் இரட்டை இலக்க விழுக்காட்டை எட்டிவிட்டது. 1982இல் 16 விழுக்காட்டையும் கடந்தது. மலேசிய வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் இத்தகைய பற்றாக்குறை இல்லை. இது யாருடையது? 1976 முதல் 1984 வரை நிதியமைச்சராக இருந்தவர் தெங்கு ரசாலி ஹம்சா. பிரதமர் மாறினாரே ஒழிய நிதியமைச்சர் மாறவில்லை. விலைச்சரிவு ஓரிரு ஆண்டுகளில் நீங்கிவிடும் என்ற கணிப்பும் இரு ஆட்சிகளுக்கும் பொதுவாகவே இருந்தது. அக்கணிப்புத்தான் பொய்த்தது.

மகாதீருக்கே உரிய பங்கை மறைக்கவும் வேண்டுவதில்லை. ஹைகோம் வழியாக எஃகு, சிமெண்டு, மகிழுந்து ஆகிய கனரகத் தொழில்களில் அரசு இறங்கியது. 1983இல் புரோட்டோன் நிறுவப்பட்டது. 1985இல் முதல் சாகா வெளிவந்தது. அதே ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. இத்தொழில்களுக்கான கடனில் ஒரு பகுதி ஜப்பானிய யென்னில் வாங்கப்பட்டது. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா உணவகத்தில் ஐந்து வல்லரசுகள் செய்துகொண்ட உடன்பாட்டிற்குப் பின் யென்னின் மதிப்பு ஏற ஏற, ஒரு காசும் புதிதாக வாங்காமலே அக்கடன் ரிங்கிட்டில் வீங்கியது. அடுத்த மாதமே அனைத்துலக ஈய மன்றம் கடனைத் திருப்பித் தரமுடியாமல் முறிந்தது; ஈயச் சந்தை நிலைகுலைந்து, கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1985இல் நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்கியது. 1986இல் கூட்டரசின் கடன் உள்நாட்டு மொத்த உற்பத்தியின் 100 விழுக்காட்டைத் தாண்டியது.

அவ்வளவு கடனை யார் தந்தனர் என்னும் வினாவை நம் நூல்கள் எழுப்புவதில்லை. வெளிநாட்டு வங்கிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உள்நாட்டில் முதன்மையான கடன்காரர் ஊழியர் சேமநிதி வாரியம். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த அவ்வாரியம், தன் நிதியில் குறைந்தது 70 விழுக்காட்டை அரசாங்கப் பத்திரங்களில் இடவேண்டும் என்று சட்டமே பணித்திருந்தது. எனவே ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவிய தொழிலாளியின் ஊதியத்தில் மாதந்தோறும் பிடிக்கப்பட்ட பணம், வாரியத்தின் வழியாகக் கூட்டரசுக்குக் கடனாகச் சென்றது. அவரை அரசின் உதவியை எதிர்நோக்கியவராகவே நாம் எழுதி வந்திருக்கிறோம். கணக்கேட்டின்படி அவர் அரசுக்குக் கடன் கொடுத்தவர். 1952இல் 2.5 விழுக்காடாக இருந்த சேமநிதியின் இலாப ஈவு 1983 முதல் 1987 வரை 8.5 விழுக்காடாக இருந்தது. பெரும் பற்றாக்குறையின் வட்டியில் ஒரு பங்கு அவருடைய முதுமைக்கே திரும்பியது என்று இதனைக் கொள்ளலாம். அதே வட்டியைச் செலுத்த, அவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குரிய ஒதுக்கீட்டின்மீதும் நெருக்கடி விழுந்தது என்றும் கொள்ளலாம். இரண்டும் உண்மையே.

1984இல் டாயிம் சைனுடின் நிதியமைச்சரானபின் செலவு வெட்டப்பட்டது. அரசுப் பணிக்கு ஆளெடுப்பது இறுகியது. பட்டம் பெற்ற இளைஞர் வேலையின்றிக் காத்திருந்தனர். 1983இல் அறிவிக்கப்பட்ட தனியார்மயக் கொள்கை விரைவு பெற்றது. மலேசிய விமான நிறுவனம், தொலைத்தொடர்பு, மின்வாரியம், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை என ஒவ்வொன்றாக அரசின் நேரடிக் கணக்கிலிருந்து நகர்ந்தன. ஜப்பானிய, தைவானிய முதலீடு வந்து குவிந்தது. 1988 முதல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பொருளாதாரம் ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. அதன் பயனாக, அன்வார் இப்ராஹிம் நிதியமைச்சராக இருந்த 1993 முதல் 1997 வரை கூட்டரசு உபரி கண்டது. கடன் அளவு 1997இல் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கியது.

இவ்வைந்து ஆண்டுகளைப் பொற்காலம் என்பாருடன் நாம் முழுதும் உடன்படவில்லை. அரசின் ஏட்டிலிருந்து நீங்கிய செலவு மறைந்து போகவில்லை. நெடுஞ்சாலைச் செலவு சாலைக் கட்டணமாக வாகனமோட்டியிடம் சென்றது. சில செலவுகள் சுற்றிக்கொண்டு திரும்பியும் வந்தன. கழிவுநீர்ச் சேவையை ஏற்ற தனியார் நிறுவனத்தை 2000இல் அரசே எடுத்துக்கொண்டது. மலேசிய விமான நிறுவனத்தின் பங்குகளை, சந்தையில் 4 ரிங்கிட்டுக்கும் குறைவாக விற்றபோது, பங்கொன்றுக்கு 8 ரிங்கிட் கொடுத்து 2001இல் அரசு மீட்டது. கோலாலம்பூரின் இலகு இரயில் நிறுவனங்களின் கடனும் அரசின் தோள்மீதே வந்து இறங்கியது.

இவ்விடத்தில் நமக்கு நெருக்கமான ஒன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தோட்டத்து நிலத்தில் நின்ற தமிழ்ப்பள்ளிகளிற் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் ஊதியத்தை அரசு தந்தது. கட்டடத்தின் பொறுப்போ பெரும்பாலும் நிலவுடைமையாளரிடமும் பெற்றோரிடமும் கிடந்தது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக அவை நின்றதற்குக் காரணம் எந்த ஆண்டின் சிக்கன நடவடிக்கையும் அன்று. அவற்றுக்கான மேம்பாட்டுச் செலவு தொடக்கத்திலிருந்தே ஏட்டில் முழுமையாக எழுதப்படவில்லை. உபரி வந்த ஆண்டுகளிலும் இந்நிலை தொடர்ந்தது. அதே ஆண்டுகளில்தான் தோட்டங்கள் வீட்டுமனைகளாகத் துண்டாடப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்தன. மாணவரில்லாத பள்ளி ஓரிடத்திலும் பள்ளியில்லாத மாணவர் வேறிடத்திலும் ஆயினர். செய்த செலவால் வரும் பற்றாக்குறையை ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடுகிறார்கள். செய்யாமல் விட்ட செலவுக்கு அப்படியோர் அட்டவணை இல்லை; அது கட்டடத்திலும் தேர்வு முடிவிலும் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும்.

1997 ஜூலையில் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி மலேசியாவைத் தாக்கியபோது, பிரதமருக்கும் நிதியமைச்சருக்கும் இடையே இருந்த கொள்கை வேறுபாடு வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அன்வார் அடுத்த ஆண்டுச் செலவை 18 விழுக்காடு வெட்டப்போவதாக அறிவித்தார். வட்டி ஏறியது, நிறுவனங்கள் சாய்ந்தன. 1998இல் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. ஆண்டின் நடுவே மகாதீர் திசையை மாற்றிச் செலவைப் பெருக்கினார். செப்டம்பர் 1ஆம் நாள் மூலதனக் கட்டுப்பாடும், மறுநாள் டாலருக்கு 3.80 ரிங்கிட் என்ற நிலைமாற்று விகிதமும் வந்தன. அன்வார் பதவி நீக்கப்பட்டதும் அந்த 2ஆம் நாளில்தான். அவ்வாண்டுப் பற்றாக்குறை 1.8 விழுக்காடு மட்டுமே. ஆயின் அன்று தொடங்கியது இன்றுவரை முடியவில்லை: 1998க்குப் பின் ஓர் ஆண்டிலும் கூட்டரசு உபரி காணவில்லை.

2003 அக்டோபரில் வந்த அப்துல்லா படாவி, முந்தைய ஆட்சியின் இரட்டை இரயில்பாதைத் திட்டத்தை ஒத்திவைத்துத் தம் பணியைத் தொடங்கினார். பற்றாக்குறையும் படிப்படியாக இறங்கியது. ஆனால் எண்ணெய் உதவித்தொகை அவர் கையை மீறி வளர்ந்தது. 2008 மார்ச்சுத் தேர்தலில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்த அவர், ஜூன் மாதம் பெட்ரோல் விலையை ஒரே இரவில் 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70 ரிங்கிட்டாக உயர்த்தினார். கணக்காளரின் கண்ணில் அது துணிவு. சந்தைக்கும் வேலைக்கும் மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு அது லிட்டருக்கு 78 காசு. சில மாதங்களில் உலக எண்ணெய் விலை சரிந்து விலையும் குறைக்கப்பட்டது. ஆனால் அவருடைய அரசியல் வாழ்வு நிமிரவில்லை.

2009இல் பற்றாக்குறை 6.7 விழுக்காடாயிற்று. உலக நிதி நெருக்கடிக்கு எதிராக 7 பில்லியன், 60 பில்லியன் ரிங்கிட் என இரு ஊக்கத் தொகுப்புகளை அறிவித்தவர் நிதியமைச்சர் நஜிப். ஆனால் அவ்வாண்டின் வரவு செலவுத் திட்டத்தை மக்களவையில் வைத்தவர் அப்துல்லா. பிரதமரான நஜிப் அப்பற்றாக்குறையை 2017க்குள் 3 விழுக்காட்டளவுக்குக் கொண்டுவந்தார். 2014 டிசம்பரில் எண்ணெய் உதவித்தொகையை நிறுத்தியதும், 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியை விதித்ததும் இதற்கு வழிவகுத்தன. அட்டவணையை மட்டும் பார்ப்பவர் இதனைச் சீரான நிதி நிர்வாகத்தின் சான்றாகவே காட்டுவார். அட்டவணைக்கு வெளியே நடந்தது வேறு. பெருவிரைவு இரயிலுக்கான கடனை அரசின் உத்தரவாதத்தோடு டானாஇன்ஃப்ரா என்னும் நிறுவனம் திரட்டியது. அது பற்றாக்குறையில் சேரவில்லை. பின்னர் 1எம்டிபி எனப் பெயர் மாறிய திரெங்கானு முதலீட்டு வாரியத்தின் 5 பில்லியன் ரிங்கிட் பத்திரமும் 2009இல் கூட்டரசின் உத்தரவாதத்தோடு வெளிவந்ததே. 2018 மே மாத ஆட்சி மாற்றத்திற்குப் பின் நிதியமைச்சர் லிம் குவான் எங் வெளியிட்ட கணக்கின்படி, 2017 இறுதியில் நேரடிக் கடன் ஏறத்தாழ 687 பில்லியன் ரிங்கிட். கூட்டரசே செலுத்த நேரும் உத்தரவாதக் கடன் 199 பில்லியன். குத்தகை போன்ற கடப்பாடுகள் 201 பில்லியன். இவ்வாறு கூட்டுவது முறையா என்ற சொற்போர் அன்று எழுந்தது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதுதான் நாம் தொடக்கத்திலிருந்தே பேசிவருவது.

புதிய அரசு பொருள் சேவை வரியை நீக்கி, விற்பனை சேவை வரியை மீட்டது. அவ்வாண்டுக்கு 2.8 விழுக்காடாகத் திட்டமிட்ட பற்றாக்குறை 3.7ஆக முடிந்தது. 2019இல் வரி செலுத்தியோருக்குத் திருப்பித் தரவேண்டிய தொகைக்காகப் பெட்ரோனாஸிடமிருந்து 30 பில்லியன் ரிங்கிட் சிறப்பு ஈவு பெறப்பட்டது. பிறகு கொரோனாத் தொற்று. 2020இலும் 2021இலும் பற்றாக்குறை 6 விழுக்காட்டைத் தாண்டியது. முகைதீன் யாசின் காலத்தில் இயற்றப்பட்ட தற்காலிகச் சட்டம் கடன் உச்சவரம்பை 55இலிருந்து 60 விழுக்காடாக உயர்த்தியது. இஸ்மாயில் சப்ரி காலத்தில் அது 65 ஆயிற்று. தொற்றுக்கால நிதி என்னும் தலைப்பில் உதவித்தொகைகளுக்கே கடன் வாங்க இடம் தரப்பட்டதால், மேம்பாட்டிற்கே கடன் என்ற பழைய வேலியும் அந்த ஆண்டுகளில் திறந்தது. இதனைக் குறையாகச் சொல்ல நமக்கு மனமில்லை. வேலியைக் காத்துப் பட்டினியை அனுமதிப்பது நிதி ஒழுக்கமாகாது.

1998இல் செலவை வெட்டியவராக நீங்கிய அன்வார், 2022 நவம்பரில் பிரதமராகவும் அடுத்த மாதம் நிதியமைச்சராகவும் திரும்பினார். 2023இல் நிறைவேறிய பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டம் பற்றாக்குறையை 3 விழுக்காட்டுக்குள்ளும் கடனை 60 விழுக்காட்டுக்குள்ளும் கொண்டுவர இலக்கு வகுத்தது. அதில் நாம் கவனிக்கவேண்டிய கூறுகள் வேறு இரண்டு. அரசு தரும் உத்தரவாதங்கள் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 25 விழுக்காட்டை மீறலாகாது என்பது ஒன்று. மேம்பாட்டுச் செலவு 3 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கலாகாது என்பது மற்றொன்று. முன்னது கணக்குக்கு வெளியே ஒளியும் கடனுக்கு எல்லை. பின்னது செய்யாமல் விடும் செலவுக்கு எல்லை. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் விலை 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாயிற்று, தகுதியுள்ளோருக்கு மாதந்தோறும் ரொக்க உதவி வழங்கப்பட்டது. அவ்வாண்டின் பற்றாக்குறை 4.1 விழுக்காடு. அவ்வாண்டு வருவாயில் 15 விழுக்காட்டுக்கு மேல் கடன் வட்டிக்கே சென்றது. சேமநிதி வாரியம் இன்றும் அரசாங்கப் பத்திரங்களைப் பெருமளவில் வைத்திருக்கும் நிறுவனங்களுள் ஒன்றாகவே இருக்கிறது.